சந்தனம் குடித்த சிடி ட்ரைவ்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, 'என் தொழில் வாழ்வில் மறக்க முடியாத மனிதர்' பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் வெங்கட். சிட்னியில், கெல்லிவில்லில் மாடி வீட்டில் வசிக்கிறார். அவரை மறப்பதற்கு நான் எடுத்த முயற்சிகள் எதுவும் பலிக்காததால், எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாக. என்னைப் பரா என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கணிதமும் கொழும்பில் மின்னணுவியலும் படித்தேன். இரண்டிலும் நன்றாகத் தேறினேன். சிட்னிக்கு வந்த புதிதில் அந்தச் சான்றிதழ்களைப் பார்த்த ஒவ்வொருவரும் மிக நல்லது என்று சொல்லி, மடித்து, மரியாதையோடு திருப்பித் தந்தார்கள். கடைசியில் செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில், ஒரு டயர்க் கடைக்கும் குளியலறை ஓடு விற்கும் கடைக்கும் நடுவே இருந்த கணினி திருத்தும் பட்டறையில் வேலை கிடைத்தது. பட்டறையை மூடும்வரை அங்கேதான் இருந்தேன். கணினி என்றால் கூடத்து மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் காலம் அது. அதில் சிடி ட்ரைவ் வந்து சேர்ந்ததும் எங்களுக்கு வேலை கொட்டியது. பிள்ளைகள் அதற்குள் வெண்ணெய் பூசிய பாண் துண்டைத் தள்ளினார்கள். பெரியவர்கள் வெளியே வரும் தட்டைக் கோப்பை வைக்கும் இடமென்று நினைத்தார்கள். இரு சாராருக்கும் நான் ஒரே முகத்தைத்தான் காட்டினேன்.

பட்டறை மேலாளர் கெவின். அவர் கையில் நான் திருப்புளியைக் கண்டதில்லை. தேநீர்க் கோப்பையைத்தான் கண்டிருக்கிறேன். அதோடு வந்து நம் முதுகுக்குப் பின்னால் நிற்பார். என்ன பழுது என்று கேட்கமாட்டார். "இதுவரை எதை நிரூபித்திருக்கிறாய்?" என்று கேட்பார். கேபிளாக இருக்குமென்று நினைக்கிறேன் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், "நினைக்கிற வேலையை வீட்டில் வைத்துக்கொள்" என்பார். குரல் உயராது. கோபம் என்பது உறுதிப்படுத்தப்படாத ஒரு தகவல் என்பது போலத்தான் நடந்துகொள்வார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவருக்கு என்னைப் பிடிக்குமா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

சிடியை வாசிக்காத ஒரு ட்ரைவை அணுகும் முறையை அவர் எங்கள் எலும்பில் ஏற்றியிருந்தார். முதலில் மின்சாரம்: முன்பக்கத்துச் சிறு விளக்கு எரிகிறதா, தட்டு வெளியே வருகிறதா. அடுத்து, ட்ரைவ் இருப்பது கணினிக்குத் தெரிகிறதா. தெரியாவிட்டால் பின்பக்கத்து நாடாக் கேபிளைப் பார்க்க வேண்டும். அதன் சிவப்பு ஓரம் மின்வயர் இருக்கும் பக்கம் இருக்க வேண்டும். பிறகு ஜம்பர். கடுகளவு பிளாஸ்டிக் துண்டு அது. ஒரே கேபிளில் இரண்டு கருவிகள் இருந்தால், எது தலைமை, எது துணை என்று சொல்வது அதுதான். இரண்டும் தலைமை என்று நின்றால் ஒன்றும் வேலை செய்யாது. இதற்கு உதாரணம் தேடி எங்கள் சங்கத்து நிர்வாகக் குழுவுக்கு வெளியே போக வேண்டியதில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சிடி ஓடவில்லையா? அப்போதும் ட்ரைவைத் திறக்கக் கூடாது. அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 'நோன் குட்' (known good) என்று நாங்கள் அழைத்த ட்ரைவைப் பூட்ட வேண்டும். நல்லதென்று ஏற்கனவே நிரூபிக்கப்பட்ட ட்ரைவ் என்று பொருள். அது வாசித்தால், பழுது வாடிக்கையாளரின் ட்ரைவில். அதுவும் வாசிக்காவிட்டால், பழுது கணினியின் மதர்போர்டில். மூன்றாவது சாத்தியம் கிடையாது. அந்த நோன் குட் என் பொறுப்பில் இருந்தது. காலையில் வந்ததும் எங்கள் சோதனைக் கணினியில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பட்டறையை மூடிய நாளில் கெவின் அதை என் கையில் தந்து, "இது உன்னோடு போகட்டும்" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே பிரிவு உபசாரம் அது.

வெங்கட் எனக்குச் சில வருடங்கள் கழித்து அதே பட்டறையில் வந்து சேர்ந்தார். கோயம்புத்தூர்க்காரர். எம்.ஈ. படித்தவர், அதாவது என்னைவிட ஒரு படி மேல். அவருடைய முறை ஒரே வாக்கியம்: "அட, தொறந்து பாத்துட்டாப் போச்சுங்க சார்." எதைக் கொடுத்தாலும் திறப்பார். உள்ளே பார்ப்பார். ஊதுவார். மூடுவார். பாதிக்கு மேற்பட்ட தடவைகள் அது வேலை செய்தது என்பதுதான் என் வாழ்க்கையின் துயரம். ஏன் வேலை செய்தது என்று கேட்டால், "ஆயிருச்சுல்ல, விடுங்க" என்பார்.

வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று, "அந்தச் சிரிக்கிற இந்தியர் இருக்கிறாரா?" என்று கேட்பார்கள். நான் எழுந்து போனால், பரவாயில்லை, காத்திருக்கிறோம் என்பார்கள். டிசம்பரில் நத்தாருக்கு அவருக்குக் கேக் வந்தது, வைன் வந்தது, ஒருமுறை உயிரோடு ஒரு வாத்து வந்தது. எனக்கு ரசீதின் பிரதி கேட்டு வந்தார்கள். கெவின் என்னிடம் எதை நிரூபித்தாய் என்று கேட்டுவிட்டு, அடுத்த மேசைக்குப் போய் வெங்கட்டிடம் பிள்ளைகள் சுகமா என்று கேட்பார். எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். சுகமாகவும் இருந்தார்கள்.

போதாததற்கு ஆயுத பூசையைக் கொண்டுவந்தார். சோல்டரிங் கருவி முதல் கெவினின் தேநீர்க் கோப்பைவரை சந்தனமும் குங்குமமும் வைத்து, பட்டறையின் வான் வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, எல்லோருக்கும் சுண்டல் கொடுப்பார். நெற்றியில் குங்குமத்தோடு கெவின் நின்று பல் தெரியச் சிரித்ததை நான் அந்த நாட்களில் மட்டும்தான் கண்டேன். நானும் சைவன்தான். வருடாவருடம் வீட்டில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்கிறவன்தான். அதைப் பட்டறைக்குக் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

ஓய்வு பெற்றதும் ஒரு நிம்மதி இருந்தது. செவன் ஹில்ஸில் ஒரு சமூக மண்டபம். சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் உடைந்த பொருட்களைக் கொண்டுவரலாம். எங்களைப் போன்ற தொண்டர்கள் இலவசமாகத் திருத்திக் கொடுப்போம். அங்கே என் மேசை, என் முறை, என் அமைதி. நோன் குட் ட்ரைவை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள், தட்டு வெளிவரும் முகம் மேலே பார்க்க நிறுத்தி, மண்டபத்து அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை கதவு திறந்தது. "சார்! இங்கயா இருக்கீங்க? எங்கிட்டச் சொல்லவே இல்லையே!" என்ற குரல் கேட்டது. அடுத்த மாதம் மண்டபத்தின் விளம்பரத் தட்டியில் அவருடைய படம் இருந்தது.

ஒக்டோபர் வந்ததும் அங்கேயும் ஆயுத பூசை. மண்டபத்தை நடத்தும் ஜெனி என்ற பெண்மணி மிக்ஸிக்கும் தையல் இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். நான் சப்பாத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது என் ட்ரைவின் முகத்திலும் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஒரு சொல்லும் பேசாமல் ஈரத்துணியால் துடைத்து, பெட்டியை மூடினேன். நான் பேசாமல் துடைத்ததை எல்லோரும் பார்த்தார்கள் என்பதில் எனக்கு ஒரு சிறு திருப்தி.

அடுத்த சனிக்கிழமை ராஜினி வந்தாள். குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். வீட்டுக் கராஜில் கலியாண பிளவுசுகளுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிறாள். அவளுடைய எம்பிராய்டரி இயந்திரம் பழையது. அதோடு பேசத் தெரிந்த மென்பொருள் அதைவிடப் பழையது. அந்த மென்பொருளுக்குத் தெரிந்த ஒரே கணினியைக் கைகளில் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு வந்தாள். மஞ்சள் பூத்த வெள்ளைப் பெட்டி. அப்படியொன்றை வீட்டில் இன்னும் ஓட்டுகிறார்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

"அங்கிள், பூ, மயில், மாங்காய் எல்லாம் சிடியிலதான் கிடக்குது. மெஷின் தைக்கத் தைக்க இது சிடியிலயிருந்து வாசிச்சு வாசிச்சு அனுப்பும். போன மாசம் துவங்கி விட்டு விட்டுத்தான் வேலை செய்தது. இப்ப ஒண்டுமேயில்லை. டிஸ்க்கைப் போடு, டிஸ்க்கைப் போடு எண்டு ஒரே கரைச்சல். உள்ளதான் கிடக்குது, பிறகு எங்க போடுறது?"

"வேற கொம்பியூட்டரில கொப்பி பண்ணேலாதோ?"

"கேட்டுப் பாத்தனான். இந்த மெஷின் செய்த கொம்பனியே இப்ப இல்லை. இது போனா என்ர தொழிலும் போச்சு அங்கிள். வாற கிழமைக்கு அடுத்த ஞாயிறு ஒரு கலியாணம், பொம்பிளையின்ர பிளவுஸ் கையில கிடக்குது."

நான் முறைப்படி தொடங்கினேன். விளக்கு எரிந்தது. தட்டு வந்தது. கணினிக்கு ட்ரைவ் தெரிந்தது. கேபிளும் ஜம்பரும் சரி. சிடியை மட்டும் வாசிக்கவில்லை. அவளுடைய ட்ரைவைக் கழற்றி, என் நோன் குட்டைப் பூட்டி, ஒரு புதிய சிடியைப் போட்டேன். ட்ரைவ் சுற்றியது, முனகியது, மறுபடி சுற்றியது, நின்றது. இன்னொரு சிடி. அதே முனகல்.

இரண்டு ட்ரைவும் வாசிக்கவில்லை. தீர்ப்பு தெளிவு.

"பிள்ளை, மதர்போர்ட் போட்டுது. இனி இதைத் திருத்தேலாது."

அவள் கணினியை மறுபடி கைகளில் தூக்கினாள். வரும்போது குழந்தையாக இருந்தது இப்போது வேறு ஏதோவாக இருந்தது.

வீட்டுக்குப் போன பிறகு எனக்கு உறுத்தியது. மண்டபத்தில் சோதனைக் கணினி இல்லாததால், நோன் குட்டைப் பூட்டுமுன் நான் அதை ஓட்டிப் பார்க்கவில்லை. அதைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். என் கராஜில் கிடக்கும் பழைய கணினியில் பூட்டினேன். முனகியது. நல்ல கணினி, நல்ல சிடி, முனகல்.

மேல்மூடியைக் கழற்றினேன். சிடி உட்கார்ந்து சுற்றும் சிறு வட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ வழிந்து, காய்ந்து, மேடாக நின்றது. பன்னீரில் கரைத்த சந்தனம். பெட்டிக்குள் முகம் மேலே பார்க்க நின்ற ட்ரைவுக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பொட்டு கசிந்து தட்டின் இடுக்கால் உள்ளே இறங்கியிருக்கிறது. நான் துடைத்தது வெளியே இருந்ததை மட்டும்தான். அந்த மேட்டின் மேல் உட்காரும் சிடி ஒரு பக்கம் சரிந்து சுற்றினால் எந்தக் கதிர்தான் வாசிக்கும்?

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "சந்தன வாசம் வருது. கோயிலுக்கே போனனீங்கள்?"

உடனே ராஜினியை அழைத்தேன். "பிள்ளை, நான் சொன்னதை விடு. மதர்போர்ட் போகேல்லை. அதைக் குப்பையில போட்டிடாதை."

"தெரியும் அங்கிள்," என்றாள். குரலில் பாட்டு இருந்தது. "காருக்கு வரேக்க வெங்கட் அங்கிள் கண்டவர். என்னம்மா மூஞ்சி இப்படி இருக்கு எண்டு கேட்டவர். கார் டிக்கியில வச்சே ட்ரைவைத் துறந்து பாத்தவர். லென்ஸில நூல் பஞ்சு ஒட்டிக் கிடந்தது. காது குடையிற குச்சியால துடைச்சவர். வீட்ட வந்து போட்டன், வேலை செய்யுது!"

நடந்ததை நான் மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். வெங்கட் வைத்த பொட்டால் என் தீர்ப்பு தவறியது. அந்தத் தவறைத் திருத்திய புகழும் வெங்கட்டுக்கே போனது. இதற்கு மேல் ஒரு மனிதன் இன்னொருவனுக்கு என்ன செய்துவிட முடியும்?

ஆனால் என்னிடம் சான்று இருந்தது. சந்தனத்தைச் சுரண்டவில்லை. அந்த வாரம் முழுக்க, சனிக்கிழமை அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களைத் தயாரித்தேன். குரல் உயராத, கெவின் பாணி வாக்கியங்கள். சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்த நேரம் பார்த்து, மூடி கழற்றிய ட்ரைவை அவர் முன்னால் வைத்தேன்.

"வெங்கட், இது என்னெண்டு சொல்லுங்கோ."

குனிந்து பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். "அடடா! நம்ம சந்தனமுங்களா?"

"ஓம். உங்கட சந்தனம்."

"ஐயையோ, சாமி பேரச் சொல்லிச் சாரோட ட்ரைவக் கொன்னுட்டேனே!" அதை உடனே எல்லோருக்கும் ஆங்கிலத்தில் அறிவித்தார். பிறகு, கைகளைக் குறுக்கே மாற்றி, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, அந்த வயதில், அந்த முழங்கால்களோடு, என் முன்னால் தோப்புக்கரணம் போட்டார். மண்டபம் கைதட்டியது. ஜெனி படம் எடுத்தார். டோஸ்டர் திருத்த வந்த கிழவர் ஒருவர் தானும் காதைப் பிடித்துப் பார்த்தார். நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை. வெங்கட் என் தோளைப் பிடித்து எழுந்து, ட்ரைவைத் தானே துடைத்துக் கொடுத்தார். அந்தக் கைதட்டலில் ஒரு துளியும் எனக்கானதல்ல.

திங்கட்கிழமை ராஜினி அழைத்தாள். இந்த முறை குரலில் பாட்டு இல்லை.

"அங்கிள், இண்டைக்குத்தான் தையலைத் துவங்கினன், திருப்பியும் அதே கரைச்சல். பாதியில நிக்குது. வாற ஞாயிறு கலியாணம். பிளவுஸ் முதுகில மயில் கழுத்தோட நிக்குது, தலை இல்லை. திருப்பி முதலிலயிருந்து தைச்சா பட்டு கிழிஞ்சிடும். ஒருக்கா வாறியளோ?"

போனேன். போகும் வழியெல்லாம் சிவப்பு விளக்குகூட எனக்குப் பச்சையாகத் தெரிந்தது என்றால், அது வண்டி ஓட்டும் உரிமத்துக்கு ஆபத்தான வாக்கியம். மகிழ்ச்சியாகப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்து பார்த்தவர் தோற்றுவிட்டார். என்னைத்தான் அழைத்திருக்கிறாள்.

கராஜில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எதையும் தொடவில்லை. "நீ வழமையா என்ன செய்வியோ அதைச் செய்," என்றேன். அவள் கழிவுத்துணி ஒன்றைப் பூட்டினாள். சிடியைப் போட்டாள். கணினி ஒரு தயக்கமும் இல்லாமல் வாசித்தது. படம் திரையில் வந்தது. தையல் தொடங்கியது. ஊசி வேகம் பிடித்ததும் ட்ரைவ் முனகியது. இயந்திரம் நின்றது. நின்றதும் சிடி மறுபடி நன்றாக வாசித்தது.

தைக்கும்போது மட்டும் வருகிற பழுது. தைக்கும்போது என்ன மாறுகிறது? மின்சாரம் கூடுதலாக இழுபடும். இயந்திரத்தின் வயரை வேறு சுவர்ச் செருகிக்கு மாற்றச் சொன்னேன், அப்போதும் நின்றது. சூடு கூடும். எல்லாவற்றையும் நிறுத்தி, ஆறவிட்டு, புதிதாகத் தொடங்கச் சொன்னேன், அப்போதும் நின்றது. மிச்சம் ஒன்றே ஒன்று.

"இந்த மேசை எப்ப வந்தது?"

"போன மாசம். இவர் கட்டித் தந்தவர். முந்தி கொம்பியூட்டர் தனி மேசையில இருந்தது. எல்லாம் ஒரே மேசையில இருந்தா வயர் காலில தட்டாது எண்டு…"

நீளமான, அழகான மேசை. அன்பான கணவன். ஊசி குத்தும் ஒவ்வொரு குத்தும் அந்தப் பலகை வழியாக ஓடி ட்ரைவைக் குலுக்கிக்கொண்டிருந்தது. லென்ஸில் இருந்த பஞ்சும் உண்மையான பழுதுதான். ஆனால் அதன் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. நான் எழுந்து, உட்கார்ந்திருந்த கதிரையை மேசையைத் தொடாமல் பக்கத்தில் நகர்த்தி, கணினியைத் தூக்கி அதன் மேல் வைத்தேன்.

"இப்ப தை."

கழிவுத்துணியில் ஒரு முழு மாங்காய் நிற்காமல் ஓடி முடிந்தது. அவள் அதை இரண்டு தடவை செய்து பார்த்தாள்; அந்த எச்சரிக்கை எனக்குப் பிடித்தது. பிறகு பிளவுசைப் பூட்டினாள். மயில் நின்ற இடத்திலிருந்து மெதுவாக அதற்குத் தலை வரத் தொடங்கியது. அவள் மூச்சை விட்டாள். விட்ட கையோடு தொலைபேசியை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, யாரையோ அழைத்தாள்.

"வெங்கட் அங்கிள்! சரி வந்திட்டுது!"

"ஆச்சாம்மா? நான்தான் சொன்னேன்ல, பரா சாரக் கூப்பிடும்மான்னு!"

நான் ராஜினியைப் பார்த்தேன்.

"ஓம் அங்கிள், முதல் அவருக்குத்தான் போன் அடிச்சனான்," என்றாள் அவள், மயிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "பக்கத்தில உக்காந்து பொறுமையாப் பாக்கிறதுக்கு அவரை விட்டா ஆளில்லை எண்டவர்."

எனக்கு வந்த அழைப்பும் அவர் கொடுத்தது. என்னைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தையையும் அவரே சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட ஒருவரை வெறுப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கிறது என்பதை மலரின் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

"சார், இருக்கீங்களா? என்னங்க பழுது? லென்ஸுங்களா?"

"லென்ஸ் இல்லை."

"மோட்டாருங்களா?"

"இல்லை."

"பவர் சப்ளை?"

"அதுவும் இல்லை."

இத்தனை வருடங்களில் நான் ஒருநாளும் கேட்டிராத ஓர் அவசரம் அந்தக் குரலில் வந்தது. "சார், நான் எல்லாத்தையும் பாத்தேனுங்களே. எதுங்க சார்? சொல்லிட்டுப் போங்க சார்."

"சனிக்கிழமை நேரில சொல்லுறன்," என்றேன்.

"சார், இன்னைக்குத் திங்கக்கிழமைங்க! அஞ்சு நாளு எப்படிங்க…"

சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன். ராஜினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேசையைப் பற்றி அவரிடம் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சொன்னேன்.

"அங்கிள், அது பாவமெல்லோ?"

"பாவம்தான்," என்றேன்.

மயிலுக்குக் கொண்டை வரும்வரை நின்று பார்த்துவிட்டுப் புறப்பட்டேன். சாலையில் பக்கத்து இருக்கையில் கிடந்த என் தொலைபேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. திரையில் அவருடைய பெயர். அந்தத் தொலைபேசியின் மணி அவ்வளவு இனிமையானது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.